வைட்டமின் டி விஷயமாகச் சம்பந்திக்கு

மயூர் விஹார், டில்லி
தை மாதம், செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி கதிரவன் அவர்களுக்கும் சம்பந்தியம்மா வடிவு அவர்களுக்கும் பாலசுப்ரமணியம் பணிவோடு எழுதிக்கொள்வது.

வழக்கமாக இந்த இடத்தில் உங்கள் நலம், மஞ்சள் மண்டியின் நலம், கோபியில் மழை தண்ணி எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இன்று அந்த மரியாதையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண், உங்கள் மருமகள் கவிப்ரியா நலம். வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, ஸ்கேன் சரியாக இருக்கிறது, டாக்டரம்மா எங்கள் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டார். இந்த வரிகளைச் சம்பந்தியம்மாவுக்கு ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அதன்பிறகு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நீங்களும் நானும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், பிறகு ஒரே நேரத்தில் நிறுத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கௌதமன் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பதறிப்போய் உங்களை அழைத்தார். அதன்பிறகு நான் அழைத்தபோது நீங்கள், "சம்பந்தி, நாங்க பொறப்பட்டு வர்றமுங்க, டிக்கெட்டெல்லாம் போட்டாச்சுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மருமகளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் வீட்டில் இனி ஒரு நாளும் விட்டுவைக்க மாட்டோம், கோபிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று என் வீட்டுக்காரி அருக்காணியும் நானும் முடிவுசெய்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்றுதான் குர்கானிலிருந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் இங்கே எங்களோடு வரவழைத்து வைத்திருக்கிறோம். அந்தப் பாக்கியம் ஒரு வைட்டமினால் எங்கள் கையை விட்டுப் போய்விடக் கூடாது. ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் மற்றவர்கள் செய்த தப்புக்கெல்லாம் விளக்கம் எழுதியே தலை நரைத்தவன் நான். சொந்தத் தப்புக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை, கோர்வை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கார்த்திகையில் கவிப்ரியாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது வைட்டமின் டி குறைவு என்று வந்தது. பார்ப்பவர் டாக்டர் ரோஹிணி, பூர்வீகம் தஞ்சாவூர், பிறந்து வளர்ந்ததெல்லாம் டில்லி. "கவலைப்படாதீங்கோ அங்கிள், இந்த ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான். சூரியன் எங்க தெரியறது?" என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு பொட்டலம் பாலில் கலந்து குடிக்கும்படி எழுதிக்கொடுத்தார். பிள்ளையின் எலும்புக்கும் தாயின் எலும்புக்கும் அது வேண்டுமாம். கவிப்ரியாவே கடையில் ஒரு டப்பா வாங்கி வந்து ஃபிரிட்ஜ் மேலே வைத்தாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று சாயங்காலம் சம்பந்தியம்மா போனில், "எங்க கோபியில வெயிலு சும்மா கொட்டிக் கெடக்குதுங்க, அங்க அதைய பொட்டலத்துல வாங்கித் திங்கோணுமாக்கும்" என்று சொன்னார்கள் அல்லவா, அது என் மனதில் சுருக்கென்று தைத்துவிட்டது. அவர்கள் சாதாரணமாகத்தான் சொன்னார்கள், நான் இதைக் குறையாக எழுதவில்லை. இருந்தாலும் டில்லியிலும் சூரியன் உண்டு என்பதை நிரூபிக்காமல் விடுவதில்லை என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

இங்கே குளிர்காலத்தில் வெயில் என்பது குடும்பச் சொத்து மாதிரி. எங்கள் குடியிருப்புப் பார்க்கில் காலையில் புகைமூட்டம் விலகி வெளிச்சம் விழும் இடத்தை எல்லாம் பஞ்சாபி மாதர்கள் பாய் விரித்து, ஆரஞ்சும் வேர்க்கடலையும் வைத்துப் பிடித்துவிடுவார்கள். ஒரு வாரம் அவர்களுக்கு நமஸ்தே சொல்லி, "பேட்டி பிரக்னென்ட் ஹை" என்று பெண் முழுகாமல் இருப்பதை என் ஹிந்தியில் சொல்லிக் கெஞ்சி, ஒரு நாற்காலி போடும் அளவுக்கு வெயில் வாங்கினேன். அதில் கவிப்ரியாவைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தால், அருக்காணி பின்னாலேயே ஓடிவந்து, சளி பிடித்துவிடும் என்று காதை மூடிக் குரங்குக் குல்லாய், கழுத்தைச் சுற்றி மப்ளர், கைக்கு உறை, காலுக்கு இரட்டை சாக்ஸ், மேலே என் பழைய காஷ்மீர்ச் சால்வை என்று எல்லாவற்றையும் போர்த்திவிட்டாள். கடைசியில் வெயில் பட்டது பெண்ணின் மூக்கு நுனியில் மட்டும்தான். "அப்பா, ஐ லுக் லைக் எ பார்சல்" என்றாள் கவிப்ரியா. மூக்குக்கு மட்டும் வைட்டமின் ஏறினால் போதுமா என்று நான் கேட்டதற்கு, "உங்களுக்கென்னங்க தெரியும், சளி புடிச்சுட்டா மருந்தா குடுக்க முடியும்?" என்று அருக்காணி என்மேல் பாய்ந்தாள். பக்கத்துப் பாயிலிருந்து ஒரு அம்மாள், குழந்தை சிவப்பாகப் பிறக்க நெய்யில் பொரித்த கோந்து உருண்டை கொடுங்கள் என்றாள். எதிர்ப் பாய் அம்மாள் கூடவே கூடாது என்றாள். இரண்டு பாய்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. நாங்கள் நாற்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆக, பொட்டலம்தான் கதி என்று ஆனது. ஆனால் அருக்காணிக்குப் பொட்டலம் ஆகாது. வயிற்றுப்பிள்ளைக்காரி சத்து மருந்து சாப்பிட்டால் பிள்ளையின் எலும்பு கெட்டியாகிவிடும், கெட்டியானால் சுகப்பிரசவம் ஆகாது என்பது அவள் கட்சி. "டாக்டரைவிட உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "டாக்டரம்மா பெத்தது ஆப்பரேசன்லதானே?" என்றாள். அதோடு இன்னொரு சட்டமும் எங்கள் வீட்டில் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி என்ன சாப்பிட்டாள், எவ்வளவு குடித்தாள் என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கண்ணு பட்டுவிடும். கேட்டுவிட்டால் உடனே மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவாள், நாங்கள் மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வழிய இருமிக்கொண்டு பால்கனிக்கு ஓட வேண்டும். அப்படி ஓடி ஓடி, கவிப்ரியாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்ற பழக்கம் வீட்டில் ஊறிப்போய்விட்டது. அவளைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவோம். அவளோடு பேசுவது "மெதுவா நட கண்ணு" என்பதோடு சரி.

இந்த நிலையில்தான் ஒரு நாள் ஃபிரிட்ஜ் மேலே பார்த்தேன். டப்பா வாங்கியது வாங்கினபடி, ஒட்டு பிரியாமல் இருந்தது. அருக்காணி பேச்சைக் கேட்டுப் பிள்ளை மருந்தே சாப்பிடுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கலாம் என்றால் மிளகாய். அருக்காணியிடம் சொல்லலாம் என்றால் எலும்பு. ஆகவே நானே செயலில் இறங்கினேன். டப்பாவின் அடிப்பக்கத்தை மெல்லப் பிரித்து, ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி பசை போட்டு ஒட்டி, மேலேயிருந்து பார்த்தால் புத்தம்புதிதாகத் தெரியும்படி வைத்தேன். சூரியன் சம்பந்தப்பட்ட மருந்து என்பதால் ஞாயிற்றுக்கிழமை பொருத்தம் என்று பட்டது. மார்கழி முழுக்க ஞாயிறுதோறும் அவள் குடிக்கும் பாலில் கலந்து, நானே ஆற்றி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "தேங்க்ஸ்ப்பா" என்று வாங்கிக்கொள்வாள். பிள்ளைக்கு அப்பா செய்யக்கூடியது இந்த ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இதை எழுதும்போதும் நிறையத்தான் செய்கிறது, ஆனால் வெட்கத்தோடு.

போன ஞாயிறு என் பிரஷர் மாத்திரை வாங்கத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "அங்கிள்ஜி, வைட்டமின் டி வேண்டாமா? உங்க வீட்ல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு போல" என்கிற அர்த்தத்தில் ஹிந்தியில் சிரித்துக்கொண்டே கேட்டார். எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்றேன். ஆன்ட்டிஜி வாங்கிக்கொண்டு போகிறார்கள், தாமாத்ஜியும், அதாவது மாப்பிள்ளையும், வாங்கிக்கொண்டு போகிறார், இரண்டு பேருமே வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார்கள், நான் உங்களிடம்கூடச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். மாத்திரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

சமையலறையில் அருக்காணி. "நீ பாலுல ஏதாச்சும் கலந்து குடுத்தியா?" என்றேன். முகம் வெளிறிப்போய்விட்டது. "வெள்ளிக்கிழமைல மட்டுந்தானுங்க" என்றாள். எலும்பு கெட்டியாகும் என்றவள் நீதானே என்றால், சம்பந்தியம்மா போனில் எடுத்துச் சொன்னார்களாம், கோபி டாக்டரும் நல்லது என்றாராம், மனசு மாறிவிட்டதாம், ஆனால் மாறியதை என்னிடம் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லையாம். "டப்பா ஒட்டு பிரிக்காம இருந்துச்சு, புள்ளை சாப்படறதே இல்லைன்னு நெனச்சனுங்க" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த ஒட்டு என் பசை. இந்தச் சமயத்தில் மாப்பிள்ளை எதற்கோ உள்ளே வந்தவர், நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கப் பார்த்தார். "மாப்ள, நீங்க எந்தக் கிழமைங்க?" என்றேன். பாவம், நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. "புதன் மாமா. அன்னிக்குத்தான் ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். குக்கர் விசில் அடித்ததும் மூன்று பேருமே கத்திவிட்டோம்.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, சம்பந்தி. என் பெண்ணுக்கு என் கையாலேயே ஆற்றிக் கொடுத்தேனே! ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவானது. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பயமுறுத்தக் கூடாது என்று அருக்காணி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகவே கவிப்ரியாவிடம், "சும்மா ஒரு செக்கப் கண்ணு, டாக்டரம்மா வரச் சொன்னாங்க" என்றோம். "சண்டே அன்னிக்கா?" என்றாள். "டில்லியாச்சே" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. அவள் தோளைக் குலுக்கிவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். நாங்கள் மூவரும் வழியெல்லாம் சிரித்த முகமாக வந்தோம். அப்படிச் சிரித்துக்கொண்டு போனால் யாருக்கும் சந்தேகம் வரும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரோஹிணி இல்லை, ட்யூட்டியில் ஒரு இளம் டாக்டர்தான் இருந்தார். அவரை வராந்தாவுக்குத் தனியே அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் அவர் முதலில் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்தார். பிறகு புரிந்துகொண்டு, உள்ளே போய் அவளிடம் பொதுவாக, வைட்டமின் டி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். "யெஸ் டாக்டர், தினமும்" என்று கவிப்ரியாவின் குரல் திரைக்கு வெளியே கேட்டது. தினமும்! எங்கள் மூன்று கிழமை போதாதென்று அவளே வேறு தினமும்! அருக்காணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார், அப்போதுதான் உங்களை அழைத்தார். அவர்மேல் தப்பில்லை, அந்த நேரத்தில் யாருக்கும் அப்பாவைத்தான் கூப்பிடத் தோன்றும். இளம் டாக்டர் ரத்தம் எடுத்தார், பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டார், ஸ்கேனுக்கும் அனுப்பினார், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ரத்த முடிவு நாளை வந்ததும் உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லும்போது நம்பாமல், மோசம் என்று இணையம் சொல்லும்போது நம்புகிற ஜாதி நாங்கள். அன்று முழுக்க நான் செல்போனைக் கீழே வைக்கவில்லை. அந்த மருந்து அதிகமானால் வாந்தி வரும், சோர்வு வரும், பசி போகும், தாகம் எடுக்கும் என்று போட்டிருந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து அவளுக்கு இருப்பதெல்லாம் அதேதான். அருக்காணிக்குப் படித்துக்காட்டினேன். அவளுக்கும் உடனே சோர்வு வந்தது, எனக்குத் தாகம் எடுத்தது.

நேற்று எல்லோரும் டாக்டர் ரோஹிணி முன்னால் உட்கார்ந்தோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். "பர்ஃபெக்ட். கால்சியம் நார்மல், டி நார்மல். இந்த டெஸ்டை இப்போ யார் பண்ணச் சொன்னா?" என்றார். நான் எழுந்து நின்று, சர்க்கார் ஆபீசில் மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல நின்று, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஞாயிறு நான், புதன் மாப்பிள்ளை, வெள்ளி என் மனைவி, தினமும் பெண்ணே, ஆக நாங்கள் எல்லோரும் சேர்ந்து இந்தப் பிள்ளைக்கு என்ன செய்துவிட்டோம் என்று தெரியவில்லை, தயவுசெய்து சொல்லுங்கள் என்றேன். டாக்டர் கவிப்ரியாவின் பக்கம் திரும்பி, "இவ்ளோ பாலையும் நீ குடிச்சியா?" என்று கேட்டார்.

"பாலா? நானா?" என்றாள் கவிப்ரியா. "எனக்குப் பால் ஸ்மெல் வந்தாலே குமட்டிட்டு உல்ட்டி வருது டாக்டர், உங்களுக்குத்தான் தெரியுமே."

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. பால் வாசனை ஆகவில்லை என்பதால், அந்த டப்பாவைப் பிரிக்காமலேயே அவள் ஒரு நாள் ஆபீசிலிருந்து மெட்ரோவில் நேராக டாக்டரிடம் போயிருக்கிறாள். டாக்டர் அந்தப் பொட்டலம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, தினமும் தண்ணீரில் விழுங்குகிற மாதிரி சின்ன அளவில் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதை ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்காக விழுங்கி வந்திருக்கிறாள். இளம் டாக்டரிடம் தினமும் என்று சொன்னது அந்த மாத்திரையைத்தான். அப்படியானால் நாங்கள் ஆற்றிக் கொடுத்த பால்? "நீங்க எல்லாரும் இவ்ளோ ஆசையா கொண்டு வந்து குடுக்கறீங்க, வேணாம்னா ஹர்ட் ஆவீங்க. அதான் யாரும் பாக்காதப்போ திரும்பப் பால் பாத்திரத்துலயே ஊத்திடுவேன்" என்றாள். அருக்காணிக்கு அப்போதுதான் ஞானோதயம் வந்தது. "அதான் பால் கொறையவே மாட்டேங்குதா? இந்த மாசம் பாக்கெட்டுல கூட ஊத்தி அனுப்பறாங்கன்னு நான் அக்கம்பக்கமெல்லாம் பெருமையாச் சொன்னனே!" என்றாள். அந்தப் பாத்திரத்துப் பாலில்தான் எங்கள் காபி. அதில்தான் உறை ஊற்றிய தயிர், அதில்தான் பொங்கலன்று பால் பாயசம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு என்று நாங்கள் ஒளித்து ஒளித்துக் கலந்ததையெல்லாம் எங்களுக்கு நாங்களே காபி போட்டுக் குடித்திருக்கிறோம். கொஞ்சம் தயிர் வழியாக அவளுக்கும் போயிருக்கும், அது கணக்கில் சேராத அளவு என்று டாக்டர் சிரித்தபடியே சொன்னார்.

அப்புறம் டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களைக் கண்டித்தார். அவள் நிஜமாகவே இதையெல்லாம் குடித்திருந்தால் கால்சியம் ஏறி விபரீதமாகப் போயிருக்கலாம், சத்து மருந்துதானே என்று இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது, எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு துளியும் கூடாது என்றார். "மருந்து எழுதினவ நான். சாப்பிடறவ அவ. ரெண்டு பேர்ல ஒருத்தரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அங்கிள்?" என்றார். கவிப்ரியாவிடம், நீயாவது மாத்திரை மாறியதைச் சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு என்றேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ப்பா. நம்ம வீட்ல கேக்கறதே பாவம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டாக்டர் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், முடிவு இன்று காலை வந்தது. எனக்கு எல்லாம் சரியான அளவில் இருக்கிறது, இந்த வயதில் என் உடம்பில் சரியாக இருக்கும் முதல் விஷயம் இதுதான். அருக்காணி தன் முழங்கால் வலி போய்விட்டது என்று ஆஸ்பத்திரிப் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கிக் காட்டினாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, நிம்மதியில் நடக்கிறார்கள், நடக்கட்டும் என்று டாக்டர் சொன்னார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று நாலு பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சம்பந்தி. ஒன்றுமே ஆகவில்லை. இதைத்தான் நான் இத்தனை பக்கங்களில் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள். நீங்கள் போட்டிருக்கும் டிக்கெட்டைத் தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். டில்லியில் குளிர் கடுமை, சம்பந்தியம்மாவுக்கு ஆஸ்துமா, இரண்டு நாள் ரயில் பயணம் உடம்புக்கு ஆகாது. கவிப்ரியாவின் டாக்டர் இங்கே, வேலை இங்கே. இந்த நேரத்தில் அவளைக் கோபிக்குக் கூட்டிப்போக வேண்டிய அவசியம் இம்மியளவும் இல்லை. இனி அவள் மருந்து அவள் பொறுப்பு, சமையலறைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டிருக்கிறேன். உங்கள் மகனையும் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெண்டாட்டிக்கு ஒளித்து நல்லது செய்யும் புருஷன் இந்தக் காலத்தில் எத்தனை பேருக்குக் கிடைப்பான்? எங்களுக்குக் கிடைத்திருக்கிறான், அதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு அருக்காணியின் அன்பான விசாரிப்பு. பெரியவர்கள் உங்கள் இருவரின் ஆசீர்வாதத்தில் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நாம் இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து மொட்டையும் காதுகுத்தும் நடத்தும் நாளுக்காகக் கொங்கு நாட்டுச் சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மாறாத மரியாதையுள்ள,
பாலசுப்ரமணியம்

பின்குறிப்பு: கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பலாம் என்று மேஜைமேல் பரப்பி வைத்திருந்தேன். கவிப்ரியா வந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "இவ்ளோ என்னப்பா எழுதியிருக்க? எனக்குப் படிச்சுக் காட்டு" என்றாள். படித்தேன். பார்சல் இடத்தில் சிரித்தாள், பசை போட்டு ஒட்டிய இடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்ன இடம் வந்ததும் தாளின்மேல் கையை வைத்து மறைத்தாள். என்ன கண்ணு என்று கேட்டேன். கேட்டேன் என்பதை அடிக்கோடிட்டு வாசிக்கவும். "அத்தையும் மாமாவும் கோவத்துல வரலப்பா. பொங்கல் அன்னிக்கே நான்தான் அத்தைக்கு போன் பண்ணி வரச் சொன்னேன். அப்பவே டிக்கெட் போட்டுட்டாங்க. அம்மா வருத்தப்படுவாளோன்னு உங்ககிட்ட சொல்லல. டெலிவரி நெனச்சா எனக்கு டர் லக்தா ஹை அப்பா, பயமா இருக்கு. எல்லாரும் கூட இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அவ்ளோதான்" என்றாள். இத்தனை மாதத்தில் அவளுக்குப் பயமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். அருக்காணி இப்போது உங்கள் இருவருக்கும் ரஜாய்ப் போர்வை எடுத்து வெயிலில் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேலே ரத்து செய்யுங்கள் என்று நான் எழுதியதை ரத்து செய்கிறேன். அவசியம் வாருங்கள். முந்தின ரயிலில் இடம் கிடைத்தால் அதிலேயே ஏறிவிடுங்கள். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.